1,126 நாள் பழைய பட்டியல்

கோமதியின் வேலைக்கு ஒரு வீட்டுக்கு இரண்டு நிமிடம் போதும். கணினியைத் திறந்து, தன் சாவி எண்ணைக் கொடுத்து, கறுப்புத் திரையில் ‘புதுப்பி’ என்று ஒரே ஒரு கட்டளையை அடிக்க வேண்டியதுதான். கணினியில் உள்ள பதிவுகளின் பழைய தேடல் பட்டியல் அழிந்து புதியது உருவாகிவிடும். பிழை தீர்ந்தது என்று அலுவலகத்துக்கு ஒரு வரி அனுப்பிவிட்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவாள். தூத்துக்குடி வட்டத்தில் அப்படி ஆயிரம் வீடுகளுக்கு மேல் பார்த்திருக்கிறாள். எந்தப் பட்டியலிலும் என்ன இருந்தது என்று நின்று படித்ததில்லை.

அந்த வெள்ளிக்கிழமை காலை அவள் போன வீடு தொம்மை ராயனுடையது. துறைமுகத்தில் முப்பத்தாறு வருடம் சரக்கு சரிபார்க்கும் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி சலேத் மேரி இறந்து மூன்று வருடம் தாண்டிவிட்டது. மூன்றாவது எச்சரிக்கையும் வந்துவிட்டதால், இன்று பிழையைச் சரிசெய்யாவிட்டால் கணினியையே எடுத்துப் போக வேண்டும் என்பது விதி.

அவர் வாசலிலேயே காத்திருந்தார். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. கோவிலுக்குப் புறப்பட்டவர்போல இருந்தார்.

“வாங்க தாயி, வாங்க. மூணு கடுதாசி போட்டேன். இப்பத்தான் கண்ணு தொறந்திருக்கு ஒங்க ஆபீசுக்கு.”

“நீங்க போட்டீங்களா? எங்களுக்கு மிஷின்ல இருந்துதானே எச்சரிக்கை வந்துச்சு.”

“அதுவும் கத்திச்சு, நானும் கத்துனேன். ரெண்டு பேரும் சேந்து கத்துனதுல ஒண்ணு கேட்டிருக்கும்.”

உள்ளே ஒரு கைக்குழந்தை சிணுங்கியது. “அப்பா, வந்தவங்கள மொதல்ல உக்காரச் சொல்லுங்க. வாசல்ல நிக்க வச்சே கத சொல்லாதீங்க” என்று ஒரு பெண்குரல் கேட்டது. அது அவருடைய மகள் ஜெனோவா. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருடம் கழித்துப் பிறந்த பெண்குழந்தையோடு ஊருக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலில் ஞானஸ்நானம். இந்தச் செய்தி முழுவதையும் பெரியவர் கணினி மேசைக்குப் போகும் பத்து அடிக்குள் சொல்லி முடித்துவிட்டார்.

“அதான் அவசரம். ஞாயித்துக்கிழமைக்குள்ள எனக்கு ஒரே ஒரு பதிவு வேணும். எங்க வீட்டம்மா பேசி வச்சது. பிள்ள பொறக்குறதுக்கு முன்னாலயே, பொறக்கும்னு நம்பி பேசி வச்சிருக்கா. அத கோவில்ல போட்டுக் காட்டணும். இருங்க, காட்டுதேன்.”

அவர் இரண்டு விரல்களால் நிதானமாகத் தட்டினார்: தேடு ஜெபம்.

முதலில் மஞ்சள் நிறத்தில் ஒரு வரி வந்தது. ‘எச்சரிக்கை: தேடல் பட்டியல் 1,126 நாள் பழையது.’ அதன் கீழ் பதினேழு பெயர்கள். பதினோராவது பெயரில் விரலை வைத்தார்.

‘பிறக்கப்போற பிள்ளைக்கு நான் சொல்லுத ஜெபம் இன்னும் நீ வரல ஆனா உன் பேர்ல தினம்’

“இதென்ன இவ்வளவு நீளமாப் பேரு?” என்றாள் கோமதி.

பெரியவர் சிரித்தார். “அவ அப்படித்தான். பேரு எழுதுத இடம்னு சொன்னா, அதுலயே எல்லாத்தையும் எழுதிருவா. பின்னால தேடும்போது கெடைக்கணும்லா, அப்படிம்பா. அந்தப் பொட்டிக்கோ பத்துப் பன்னெண்டு சொல்லுக்கு மேல வாங்கத் தெம்பு கெடையாது. பாதியில வெட்டிரும். இப்ப பாருங்க.”

அந்தப் பெயரைத் திறக்கச் சொன்னார். திரை பதில் சொன்னது: ‘அப்படி ஒரு கோப்பு இல்லை.’

“இருக்குன்னு சொல்லுது, தொறன்னா இல்லைங்குது. பட்டியல் பழசாயிட்டதால வழி தெரியாம முழிக்குது போல. நீங்க புதுசாக்கிட்டீங்கன்னா தொறந்துரும், என்னம்மா?”

கோமதியின் விரல்கள் பழக்கத்தில் சாவி எண்ணை அடிக்கத் தொடங்கியிருந்தன. அந்த ‘என்னம்மா’வில் நின்றுவிட்டன. அவர் பட்டியலைச் சரிபார்க்கச் சொல்லிக் கேட்கவில்லை, ஆமாம் என்று சொல்லச் சொல்லிக் கேட்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

“ஒரு நிமிஷம் பாக்கேன்யா” என்றாள்.

பார்ப்பதற்கு அதிகமில்லை. பட்டியலைப் புதுப்பிக்கும் வேலை சலேத் மேரியின் பெயரில் ஓடிக்கொண்டிருந்தது. அவர் இறந்ததைப் பதிந்த அன்று அந்தப் பெயருக்குப் பூட்டு விழுந்தது. அதற்குப் பிறகு தினமும் கணினி பட்டியலைப் புதுப்பிக்க முயன்று, ‘அனுமதி இல்லை’ என்று திரும்பியிருக்கிறது. உரியவள் வராமல் ஏட்டைத் திருத்த மாட்டேன் என்று நிற்கிற குமாஸ்தாவைப்போல. மூன்று வருடமாகப் பிழை என்று கூவிக்கொண்டிருந்தது அதுதான். கணினி தானாக எழுதி வரும் குறிப்பேட்டில் இன்னும் கீழே போனாள். அங்கே வேறு ஒரு பதிவு இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள், காலை பத்து நாற்பதுக்கு, வெளியிலிருந்து வந்த ஆணையின்படி நானூற்றுப் பன்னிரண்டு ஒலிக்கோப்புகள் நீக்கப்பட்டன.

அமைதிச் சட்டம். இறந்தவரின் குரலும் முகமும் ஒரு வருடத்துக்கு மேல் எந்த இயந்திரத்திலும் இருக்கக் கூடாது. அந்தச் சட்டத்தைக் கோமதி குறை சொன்னதில்லை. அதற்கு முந்தைய நாட்களை அவள் பார்த்திருக்கிறாள். இறந்தவர்களின் பதிவுகளை வைத்து அவர்கள்போலவே பேசும் பொம்மைக் குரல்களை விற்றார்கள். செத்த மகனோடு தினமும் சாப்பிட உட்கார்ந்து உயிரோடிருந்த மகளைப் பார்க்க மறந்த தாய் ஒருத்தி அவள் தெருவிலேயே இருந்தாள். அதைத் தடுக்கத்தான் சட்டம் வந்தது. இரக்கத்தோடு எழுதிய சட்டம்தான். ஆனால் இரக்கத்தோடு எழுதியதும் ஆளுக்கு ஆள் வேறு வேறு எடையாகத்தான் இறங்குகிறது.

சட்டம் வந்த வாரம் அவள் தன் வீட்டுக் கணினியில் இருந்த பதிவுகளை அழித்துத் தானே ‘புதுப்பி’ அடித்தாள். கணவன் முருகேசன் போய் ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. ஊருக்குச் செய்வதை முதலில் தன் வீட்டில் செய்ய வேண்டும் என்று நினைத்தாள். பட்டியலில் என்னென்ன பெயர்கள் இருந்தன என்று பார்க்கவில்லை. இப்போது எவ்வளவு யோசித்தாலும் ஒரு பெயர்கூட நினைவுக்கு வருவதில்லை. அவன் எதையெல்லாம் பதிந்து வைத்திருந்தான் என்பதே அவளுக்குத் தெரியாது.

“ஐயா,” என்றாள், “நீங்க துறைமுகத்துல என்ன வேல பாத்தீங்கன்னு சொன்னீங்க?”

“சரக்குச் சரிபாக்குத வேல. கப்பல் வந்ததும் பட்டியல் என் கைக்கு வரும். பட்டியல்ல உள்ள பெட்டி ஒவ்வொண்ணும் கரைக்கு எறங்குதான்னு பாத்துக் கோடு போடணும்.”

“பட்டியல்ல இருக்கும், கப்பல்ல இருக்காது, அப்படி நடந்திருக்கா?”

“ஏன் நடக்காது? கடல்ல விழுந்திருக்கும். வழித் துறைமுகத்துல எறக்கியிருப்பான். பட்டியல் மட்டும் சிங்காரமா வந்து நிக்கும்…”

அவர் பேச்சு அங்கேயே நின்றது. திரையைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார். அவள் தலை குனிந்திருந்தாள்.

“பெட்டி எறங்கலையா தாயி?”

“இல்லைய்யா.”

“ஒண்ணுமா?”

“ஒண்ணும் இல்ல. இந்தப் பட்டியல் பழசா இருக்கதாலதான் பேராச்சும் நிக்குது. நான் புதுப்பிச்சா அது வீட்ட ஒரு தடவ சுத்திப் பாத்துட்டு, இருக்கத மட்டும் எழுதும். இந்தப் பேரும் போயிரும்.”

பெரியவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார். உள்ளே ஜெனோவா குழந்தையோடு ஏதோ கொஞ்சிப் பேசுவது கேட்டது.

“எச்சரிக்கை மட்டும்தான் தனிக் கம்பியில வெளிய போகும், மத்தபடி நாங்க இந்தப் பொட்டிய இணைப்புல மாட்டுறதே இல்லையேம்மா. அதனால தப்பிச்சிருக்கும்னுல்லா நெனச்சேன். மொத வருஷம் பூராவும் கேக்கத் தைரியம் வரல எனக்கு. அவ சத்தத்தக் கேட்டா அடுத்த வேல ஓடாதுன்னு தள்ளிப் போட்டேன். பொறவு கேப்போம்னு தொறந்தா இல்லைன்னு சொல்லுது. எப்பம்மா போச்சு?”

கோமதிக்குத் தேதி தெரியும். அந்தத் தேதிக்கு என்ன பொருள் என்றும் கணக்குப் பார்த்துவிட்டாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தாள். ஆனால் இந்த மனிதர் வாழ்நாள் முழுவதும் வராத பெட்டிக்கு வந்ததாகக் கோடு போடாதவர்.

“வருஷ நெனைவு அன்னைக்கு. காலையில பத்து நாப்பதுக்கு.”

அவர் மேசைக்குக் கீழே சுருண்டு கிடந்த இணைப்பு வயரைப் பார்த்தார்.

“நெனைவு அட்டை அடிக்கணும்னு நான்தான் வயரை மாட்டுனேன். அச்சுக்கடையில அவ படத்த அனுப்பச் சொன்னாங்க. பத்து நிமிஷம். பத்தே நிமிஷம் மாட்டுனேன்.” வயரைக் காலால் தள்ளினார். “அவளுக்கு மெழுகுதிரி ஏத்துத அன்னைக்கு நானே அவ வாயப் பொத்தியிருக்கேன்.”

“ஐயா, அப்படிச் சொல்லாதீங்க. ஒரு உண்மையச் சொல்லுதேன், கேளுங்க. மாட்டாத வீட்டுக்கு நாங்களே நேர்ல போவோம். ஒரு வாரம் பொறுத்துப் பாத்துட்டு, ஆளு வந்து அழிச்சிட்டுப் போவாங்க. இந்தத் தெருவுக்கு வந்திருக்க வேண்டிய ஆளு நான்தான். நீங்க மாட்டலைன்னா என் கையால செஞ்சிருப்பேன். ரெண்டு நிமிஷத்துல செஞ்சிட்டு, ஒங்க வீட்டுத் தண்ணி குடிச்சிட்டுப் போயிருப்பேன்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவளுடைய கண்கள் கலங்கியிருந்தன. அவருடைய துக்கத்தில் பாதியை எடுத்துத் தன் மேல் வைத்துக்கொள்கிற ஒருத்தியிடம் கோபப்பட அவருக்குத் தெரியவில்லை.

“ஒங்க வீட்ல யாரும்மா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“வீட்டுக்காரர்.”

“பட்டியல்?”

“புதுசா, சுத்தமா இருக்கு.”

ஜெனோவா குழந்தையைத் தோளில் போட்டபடி இரண்டு தம்ளர் கருப்பட்டிக் காப்பியோடு வந்தாள். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். அப்பா சுருக்கமாகச் சொன்னார். அவள் காப்பியை மேசையில் வைத்துவிட்டு அவர் தோளில் கை வைத்தாள்.

“போட்டும்பா. நமக்கு அம்மா இருந்தது பொய்யாயிருமா? ஞாயித்துக்கிழமை நீங்க ரெண்டு வார்த்த ஜெபம் சொல்லுங்க, போதும்.”

“நான் சொல்லி என்னத்த? எனக்கு அவள மாதிரி வராது.”

கோமதி காப்பியை ஒரு வாய் குடித்தாள். அலுவலகத்திலிருந்து மணிக்கட்டில் ஒரு அதிர்வு. அடுத்த வீட்டுக்கு நேரமாகிறது. அவள் கைக்கடிகாரத்தின் முகத்தைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

“சட்டத்துல குரலப் பத்தி இருக்கு, படத்தப் பத்தி இருக்கு” என்றாள். “பேரப் பத்தி ஒரு வரிகூட இல்ல. யாரும் நெனச்சிருக்க மாட்டாங்க. புதுப்பிக்கதுக்கு முன்னால இந்தப் பட்டியல அப்படியே தாள்ல எடுத்துத் தாரேன். தாள் இருக்கா?”

நினைவு அட்டை மாதிரியை வீட்டிலேயே அடித்துப் பார்த்த பழைய அச்சுப்பொறி ஒன்று மூலையில் இருந்தது. தூசி தட்டியதும் இருமிக்கொண்டு கிளம்பியது. ஒன்பது தாள்கள் வந்தன. பெரியவர் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்தார். முப்பத்தாறு வருடப் பழக்கம். தாளைக் கையில் வாங்கினால் பென்சில் தானாக வந்துவிடுகிறது.

“இத்தனையா?” என்றார் வியந்து. “நான் இதுல காவாசிகூடப் பாத்ததில்லையே.”

“தேடணும்னா ஒரு சொல்லு கொடுக்கணும்லாய்யா. நீங்க ஒங்களுக்குத் தெரிஞ்ச சொல்லத்தான் தேடியிருப்பீங்க.”

ஜெனோவா அவர் தோளுக்கு மேலாக எட்டிப் படித்தாள். “அப்பா, இதப் பாருங்க! ‘இவரு குறட்டை ஒன்று.’ ‘இவரு குறட்டை இரண்டு மழை நாள்.’ ‘இவரு குறட்டை மூன்று சளி பிடித்தபோது.’”

“அடிப்பாவி.”

“‘அப்பாவுக்குத் தெரியாம வாங்கின நீலச் சேலை பத்தி ஜெனோவாகிட்ட பேசினது.’”

“அது தங்கச்சி குடுத்ததுன்னுல்லா சொன்னா எங்கிட்ட!”

மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள். குழந்தை திடுக்கிட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி சாய்ந்தது. ஒரு பெயரைப் படித்ததும் அதன் பின்னால் ஒரு நாள் எழுந்து வந்தது. தகரக் கூரையில் மழை விழுந்த நாள், மீன்கார அக்கா சிரித்த நாள், கொடியேற்றத்துக்கு வெடி போட்ட நாள். குரல் வரவில்லை. ஆனால் எங்கெல்லாம் அவள் காது கொடுத்து நின்றாள் என்பது வரிசையாக வந்துகொண்டிருந்தது.

ஆறாவது தாளில் பெரியவரின் பென்சில் நின்றது.

“இது என்ன? ‘தினம் ஒரு மெழுகுதிரி ஏத்துதேன் எரியுறவரை உன் முகத்த நெனச்சுப் பாக்கேன் முகம்.’ இப்படி ஒரு பேரா?”

அவர் அதையே இரண்டு முறை படித்தார். சட்டென்று ஏழாவது தாளைப் புரட்டிப் பதினோராவது பெயராகத் தேடலில் வந்த அந்த ஜெபத்தின் பெயரைக் கண்டுபிடித்தார். அதன் கடைசிச் சொல்லைப் பென்சிலால் தொட்டார். ‘தினம்.’

“ஜெனோவா, ஒங்கம்மா கோவில்ல மரியாயின் சேனை சபையில கூட்ட அறிக்கை எழுதுவாள்ல, ஞாபகம் இருக்கா? பக்கம் முடியிற எடத்துல உள்ள கடைசிச் சொல்ல அடுத்த பக்கத்துல மறுபடி எழுதித்தான் தொடங்குவா. தாள் மாறிரக் கூடாதுன்னு.”

“ஆமா. பத்தொம்பது வருஷம் செயலாளர்லா. பலசரக்குச் சீட்டுலகூட அப்படித்தான் எழுதுவா.”

“பொட்டி பாதியில வெட்டுனா இவ விடுவாளா? அடுத்த பதிவ எடுத்து, பேரு எழுதுத எடத்துல மிச்சத்த எழுதியிருக்கா! அகர வரிசையில நிக்கிறதால ஒண்ணு ஒரு மூலையில, இன்னொண்ணு ஒரு மூலையில கெடக்கு.”

அவர் கை வேகம் பிடித்தது. ‘முகம்’ என்று தொடங்குவதைத் தேடினார். கிடைத்தது. கோடு போட்டார். அதன் கடைசிச் சொல் ‘பிள்ள.’ மறுபடி தேடினார். கப்பலிலிருந்து பெட்டிகள் ஒவ்வொன்றாக இறங்குவதுபோல வந்துகொண்டிருந்தன. ஜெனோவா ஒரு தாளின் பின்புறத்தில் வரிசையாக எழுதினாள்.

‘பிறக்கப்போற பிள்ளைக்கு நான் சொல்லுத ஜெபம் இன்னும் நீ வரல ஆனா உன் பேர்ல தினம்

தினம் ஒரு மெழுகுதிரி ஏத்துதேன் எரியுறவரை உன் முகத்த நெனச்சுப் பாக்கேன் முகம்

முகம் யார் சாயலா இருந்தாலும் சரி மனசு ஈரமா இருக்கணும் ஆண்டவரே இந்தப் பிள்ள

பிள்ள பசிச்சவங்களப் பாத்தா தட்டத் தள்ளி வைக்கணும் அழுதவங்களப் பாத்தா பக்கத்துல

பக்கத்துல உக்காரணும் பேசத் தெரியலன்னாலும் உக்காந்தா போதும் நான் இருக்க மாட்டேன்

மாட்டேன் அதனால என்ன மிச்சத்த தாத்தா’

‘தாத்தா’ என்று தொடங்குகிற பெயர் ஒன்பது தாள்களிலும் இல்லை. பெரியவர் முன்னும் பின்னும் மூன்று தடவை பார்த்தார். பென்சிலைக் கீழே வைத்தார்.

“அதுக்குள்ள நோவு முத்திருச்சு போல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிட்டோம்லா. மிச்சத்தச் சொல்ல அவளுக்கு நேரம் கெடைக்கல.” தாள்களைத் தள்ளி வைத்தார். “இவ்வளவு தூரம் வந்து கடைசியில வெட்டிப்போட்டுதே இந்தப் பொட்டி.”

கோமதி கறுப்புத் திரையின் பக்கம் திரும்பினாள். அந்தக் கடைசிப் பெயரின் நீளத்தைப் பார்த்தாள். மற்ற ஐந்தின் நீளத்தையும் பார்த்தாள். பிறகு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஐயா, இத பொட்டி வெட்டல.”

“என்னம்மா?”

“மத்த அஞ்சும் விளிம்பு முட்டி நிக்குது. இது பாதி தூரம்கூடப் போகல. எடம் கெடக்கு. இன்னும் நாலஞ்சு சொல்லு தாராளமா எழுதியிருக்கலாம்.” அவள் தாளில் அந்த வரிக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தைத் தொட்டுக் காட்டினாள். “அவங்களே இங்கன நிறுத்தியிருக்காங்க.”

பெரியவர் அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனோவா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை அவர் மடியில் வைத்தாள்.

“கடைசிச் சொல்லுல இருந்துதானேப்பா அடுத்த பக்கம் தொடங்கணும்?” என்றாள்.

அவர் நெற்றியிலும் மார்பிலும் சிலுவை போட்டுக்கொண்டார். தொண்டையைச் செருமினார். கோமதி கணினியின் பதிவுப் பொத்தானை அழுத்திவிட்டு, சத்தம் வராமல் கையை எடுத்தாள்.

“தாத்தா…” என்று தொடங்கினார். நின்றார். குழந்தையின் உள்ளங்கையில் தன் விரலை வைத்ததும் அது தூக்கத்திலேயே பற்றிக்கொண்டது. “தாத்தா சொல்லுதேன், கேளு தாயி. நீ வாரதுக்கு முன்னாலயே ஒன்னத் தேடிக்கிட்டு ஒருத்தி இருந்தா…”

பத்து நிமிடத்துக்கு மேல் பேசினார். அவ்வளவு பேச வரும் என்று அவருக்கே தெரிந்திருக்காது. முடிந்ததும், பெயர் எழுதும் இடத்தில் முதல் சொல்லாகத் ‘தாத்தா’ என்று அடித்தார். மீதியையும் இரண்டு விரலால் அடித்துக்கொண்டே போனார். பத்தாவது சொல்லில் கணினி வெட்டிவிட்டது. “தெரியும்லா” என்று சொல்லிச் சிரித்தார்.

அதற்குப் பிறகுதான் கோமதி தன் சாவி எண்ணைக் கொடுத்து சலேத் மேரியின் பூட்டைத் திறந்தாள். திறக்கும்முன் பெரியவரைப் பார்த்தாள். அவர் ஒன்பது தாள்களையும் மடியில் வைத்து, தலையை அசைத்தார். ‘புதுப்பி’ என்று அடித்தாள். மஞ்சள் எச்சரிக்கை மறைந்தது. நானூற்றுப் பன்னிரண்டு பெயர்களும் மறைந்தன.

அவராகவே ஒருமுறை தட்டிப் பார்த்தார்: தேடு தாத்தா. எச்சரிக்கை ஏதும் இல்லாமல் ஒரே ஒரு பெயர் வந்தது. திறக்கச் சொன்னார். திறந்தது.

கோமதி அடுத்த வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பதினொன்றரை ஆகிவிட்டது. அங்கே நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி கதவைத் திறந்தாள். கணினி மூலையில் இருந்தது. திரையில் அதே மஞ்சள் எச்சரிக்கை. வேறு எண்ணிக்கை.

“எவ்வளவு நேரம்மா ஆகும்? அடுப்புல சோறு கெடக்கு” என்றாள் அந்தப் பெண்.

இரண்டு நிமிடம் என்று சொல்ல வந்த வாயைக் கோமதி மூடிக்கொண்டாள். மேசைக்குக் கீழே கிடந்த முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“சோத்த எறக்கி வச்சிட்டு வாங்கக்கா, நான் இருக்கேன். அழிக்கதுக்கு முன்னால ஒண்ணு கேக்கணும். இதுல நீங்க யாரயாவது தேடுவீங்களா?”